நான்கு விநாடி ஓடி நின்ற எஞ்சின்

கேள்வி: என் அப்பா வாங்கிய 1986-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி எங்கள் வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்கு ஓட்டியதோடு சரி; எட்டு மாதமாக ஷெட்டில் நிற்கிறது. இப்போது ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. மெக்கானிக் முதலில் பேட்டரியை மாற்றினார். பிறகு நான்கு பிளக்கும் மாற்றினார். கழற்றிய பிளக்குகள் துடைத்து வைத்ததுபோல் காய்ந்திருந்தன. அன்றே பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்பரேட்டரின் வாயில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிச் சுற்றினார், நாலு விநாடி ஓடிவிட்டு நின்றது. மறுநாள் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலையும் மாற்றிப் பார்த்தார். இதுவரை 11,000 ரூபாய் ஆகிவிட்டது. இனி கார்பரேட்டரே புதிதாகப் போட வேண்டும் என்கிறார். போடலாமா, இல்லை வண்டியையே கொடுத்துவிடலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: கார்பரேட்டரும் வாங்க வேண்டாம், வண்டியையும் கொடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. "நாலு விநாடி ஓடிவிட்டு நின்றது." என்ன கோளாறு என்பதை எஞ்சின் அந்த நாலு விநாடியில் சொல்லிவிட்டது. காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் இல்லை.

பட்டறையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி வந்தால் எங்களுக்குள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பெட்ரோலா, கரண்டா, கம்ப்ரஷனா? மேலே ஊற்றிய பெட்ரோலில் எஞ்சின் ஓடியது என்றால் பிளக்கில் பொறி விழுகிறது, விழவேண்டிய நேரத்தில் விழுகிறது, சிலிண்டரில் அழுத்தமும் இருக்கிறது. ஊற்றியது தீர்ந்ததும் நின்றது என்றால், அதன் பின்னால் வரவேண்டிய பெட்ரோல் வந்து சேரவில்லை. காய்ந்த பிளக்குகளும் அதற்கே சாட்சி சொல்கின்றன. அரை நிமிடம் செல்ஃப் அடித்த எஞ்சினில் பெட்ரோல் வந்திருந்தால் பிளக் நுனி நனைந்து, மூக்கருகே கொண்டுபோகும்போதே வாசம் அடிக்கும்.

ஆக, பேட்டரி வீண். செல்ஃப் நன்றாகச் சுற்றும் வண்டிக்குப் பேட்டரியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. காயில் வீணிலும் வீண். பழைய காயிலில்தானே அந்த நாலு விநாடி ஓடியது? உங்கள் மெக்கானிக்கை நான் திட்டவில்லை. பெட்ரோல் ஊற்றிப் பார்க்கத் தோன்றியதே, அது நல்ல கை. பதில் வந்த பிறகும் பழைய பட்டியலின்படியே அடுத்த பொருளை மாற்றப் போனதுதான் பிசகு.

ஒன்று மட்டும்: இனி கார்பரேட்டர் வாயில் யாரும் பெட்ரோல் ஊற்ற வேண்டாம். எஞ்சின் ஒருமுறை திருப்பி அடித்தால் வாய் வழியாகத் தீ நாக்கு ஒரு முழம் வெளியே வரும். என் இடது புருவம் இன்றும் வலதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. தேவையான செய்தி கிடைத்துவிட்டது, அந்தச் சோதனை போதும்.

உங்கள் வண்டியில் பெட்ரோல் வரும் பாதையைச் சொல்கிறேன். பின்னால் டேங்க். அங்கிருந்து வண்டியின் அடியில் உலோகக் குழாய். அது முன்னால் வந்து முடியும் இடத்தில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ். பெரும்பாலும் நடுவில் பிற்காலத்தில் யாரோ செருகிய பிளாஸ்டிக் ஃபில்டர். பிறகு எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்திய பெட்ரோல் பம்பு, கடையில் ஏ.சி. பம்பு என்று கேட்டால் தருவார்கள் (ஏ.சி. என்பது கம்பெனிப் பெயர்). அங்கிருந்து இன்னொரு ஹோஸ் வழியாகக் கார்பரேட்டர். இந்தப் பம்பில் மின்சாரம் கிடையாது. எஞ்சின் சுற்றச் சுற்ற அதற்குள் இருக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு ஒரு நெம்பைத் தள்ளும், பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு ஏறி இறங்கும், டேங்கிலிருந்து உறிஞ்சி கார்பரேட்டருக்குத் தள்ளும்.

உறிஞ்சும் பக்கம், தள்ளும் பக்கம் என்ற இந்த வித்தியாசத்தில்தான் பாதி மெக்கானிக்குகள் வழுக்குவார்கள். நானும் வழுக்கியிருக்கிறேன். 1994-இல் கோவையில் ஒரு டாக்டரின் அம்பாசடர் என் பட்டறைக்கு வந்தது. உங்கள் வண்டிக்கு உள்ள அதே கோளாறுதான். பம்பு மாற்றினேன், கார்பரேட்டரைப் பிரித்து ஊதினேன், மூன்று நாள் போயிற்று. நான்காம் நாள் பையன் ஒருவன் டேங்க் பக்கத்து ஹோஸைத் துடைக்கிறேன் என்று வளைத்தான். கிளிப்பை ஒட்டி, பார்வைக்கு முழுசாக இருந்த ரப்பர் மீன் வாய் போலத் திறந்தது. தரையில் ஒரு சொட்டுப் பெட்ரோல் சிந்தியிருக்கவில்லை. எப்படிச் சிந்தும்? அது உறிஞ்சும் பக்கம். வெடிப்பு வழியாக உள்ளே காற்றுதான் போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள், வாய் வலிக்கும், இளநீர் ஏறாது. அப்படித்தான் அந்தப் பம்பும் மூன்று நாள் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. டாக்டரிடம் கூலி வாங்கக் கூசியது.

எட்டு மாதம் நின்ற உங்கள் வண்டியில் இந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் வலுக்கிறது. காரணம் இன்றைய பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் அறிமுகம் செய்தார்கள்; இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் அதுதான் கிடைக்கிறது. 1986-இல் உங்கள் வண்டியைச் செய்தவர்கள் அப்படி ஒரு பெட்ரோலை மனத்தில் வைத்து ரப்பரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும். பிறகு பெட்ரோல் இறங்கிக் காயும்போது வெடிக்கும். பம்பின் டயாஃப்ரத்துக்கும் இதே கதிதான். இதோடு எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பாதி காலியான டேங்க் ஒரு மழைக்காலம் முழுக்க நின்றால், ஒரு கட்டத்தில் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கிலிருந்து உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுமுன் இதைச் செய்யுங்கள். வண்டியை ஷெட்டிலிருந்து வெட்டவெளிக்குத் தள்ளுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல், முடிந்தால் தீயணைப்பான். புகைப்பவர்களைத் தெருவுக்கு அனுப்பிவிடுங்கள். சாவியிலிருந்து காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றி, நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். இப்போது செல்ஃப் அடித்தாலும் பிளக்கில் பொறி விழாது. திறந்த பெட்ரோலோடு வேலை செய்யும்போது இதைச் செய்யாமல் அடுத்த அடி வைக்கவே கூடாது.

கார்பரேட்டருக்குள் நுழையும் ஹோஸைக் கழற்றி அதன் நுனியை வாய் அகன்ற கண்ணாடி பாட்டிலுக்குள் விடுங்கள். வேறொருவரை உள்ளே உட்காரவைத்துப் பத்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பத்துக்கு மேல் வேண்டாம். செல்ஃப் மோட்டார் சூடாகிவிடும். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி. காய்ந்து கிடந்த பம்பு முதல் முறை எதுவும் தராமல் இருக்கலாம், மூன்று முறை பாருங்கள். நல்ல பம்பு என்றால் மாட்டு மடியில் பால் கறப்பதுபோல விட்டு விட்டு, ஆனால் விசையோடு பீச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வடிவது கணக்கில் வராது.

பாட்டிலில் நன்றாகப் பீச்சுகிறது என்று வையுங்கள். பாட்டிலை ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் கலங்கலாகத் தனி அடுக்கு தெரிந்தால், அல்லது பெட்ரோல் வாசத்துக்குப் பதில் வார்னிஷ் போல நெடி அடித்தால், டேங்கில் இருப்பது பெட்ரோல் என்ற பெயரில் வேறு ஏதோ. முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். மேலே நாலு லிட்டர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பீச்சும் பெட்ரோலும் தெளிவாக இருந்தால் மட்டும் கார்பரேட்டருக்கு வாருங்கள். அப்போதும் மாற்றுவதற்கு அல்ல, சுத்தம் செய்வதற்கு. கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃபிளோட் அறைக்குள் பெட்ரோலை விடும் ஊசி வால்வு, காய்ந்த பெட்ரோலின் பிசினால் மூடியபடியே ஒட்டிக்கொள்வது நின்ற வண்டிகளில் அடிக்கடி நடப்பது. ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் அறையின் பக்கத்தில் லேசாகத் தட்டினாலே சில நேரம் விட்டுவிடும். விடவில்லை என்றால் பிரித்து, ஊசியையும், பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள ஜெட்டையும் கிளீனர் திரவத்தில் கழுவி ஊதினால் போதும். ஜெட் துளைக்குள் கம்பி விட்டுக் குத்த வேண்டாம். துளை பெரிதாகிவிட்டால் பிறகு அந்த வண்டி பெட்ரோலைக் குடிக்கும். குளிர்ந்த எஞ்சின் பிடிக்க உதவும் சோக் பொத்தானை இழுக்கும்போது கார்பரேட்டர் பக்கத்தில் இருக்கும் சோக் லீவர் முழுவதுமாக நகர்கிறதா என்பதையும் பாருங்கள். கேபிள் நழுவியிருந்தால் இங்கே இழுப்பது அங்கே போய்ச் சேராது.

உங்கள் பழைய கார்பரேட்டரைத் தூக்கிப் போட வேண்டாம் என்று நான் இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபியட் 1100 டிலைட் என்று 1964-இல் வந்து, 1974-இல் பத்மினி என்று பெயர் மாறிய வண்டி இது. மும்பையில் கடைசி பத்மினி டாக்சியே 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. இனி இதற்குப் 'புதிய' கார்பரேட்டர் என்று கடைக்காரர் தருவதில் பெரும்பாலானவை நகல்தான். அப்பா காலத்துக் கார்பரேட்டர் தேய்ந்திருந்தாலும் அதைவிட மேல். ரிப்பேர் கிட் கிடைக்கிறது, அது போதும்.

பாட்டிலில் எதுவுமே வரவில்லை என்றால்தான் நம் கதை ருசிப்படுகிறது. பம்புக்கு உள்ளே வரும் ஹோஸைப் பம்பிலிருந்து கழற்றிவிட்டு, அங்கே ஓர் அடி புது ஹோஸை மாட்டி, கிளிப்பை இறுக்கி, மறு நுனியைப் புதுப் பெட்ரோல் உள்ள இன்னொரு பாட்டிலில் அமிழ்த்துங்கள். மறுபடி செல்ஃப். இப்போது பம்பு உறிஞ்சிப் பீச்சினால் பம்பு நிரபராதி. குற்றவாளி பின்னால் இருக்கிறது. இந்த முறையும் வரவில்லை என்றால் பம்புதான்.

பின்னால் என்றால், முதலில் ரப்பர். கண்ணால் பார்ப்பது போதாது. விரலால் வளையுங்கள், கிளிப்பை ஒட்டிய இடத்தை விசேஷமாகப் பாருங்கள். டேங்க் அருகேயும் ஒரு துண்டு ரப்பர் இருக்கும், அதைப் பலர் மறந்துவிடுவார்கள். பிளாஸ்டிக் ஃபில்டரில் அம்புக்குறி பம்பைப் பார்த்திருக்கிறதா? உள்ளே துருப்பொடி செங்கல் தூள்போல நிறைந்திருந்தால் ஃபில்டரை எறியுங்கள். பிறகு டேங்க் மூடியைத் திறந்து வைத்து, பம்புப் பக்கத்தில் கழற்றிய உலோகக் குழாய் வழியாக சைக்கிள் பம்பால் மெல்லக் காற்று அடியுங்கள். டேங்க் வாயில் காது வைத்திருப்பவருக்குக் குமிழ் சத்தம் கேட்டால் வழி திறந்திருக்கிறது. வாயால் ஊதுவதும் உறிஞ்சுவதும் கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் மருத்துவமனைதான். அதேபோல் பம்பு மாட்டியிருக்கும்போது குழாயில் காற்றடிக்காதீர்கள், வால்வு கெட்டுவிடும்.

பம்பு என்றால், அதை அவிழ்ப்பதற்கு முன் எஞ்சின் ஆயில் அளவுகோலை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாசம் அடித்தால், அல்லது அளவு இருக்கவேண்டியதைவிட மேலே ஏறியிருந்தால், டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டவே கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். டயாஃப்ரம் கிட் போட்டு, ஆயிலையும் மாற்றிய பிறகுதான் அடுத்தது. பம்பை மறுபடி மாட்டும்போது இடையில் போடும் பேக்கிங் பழையதன் தடிமனிலேயே இருக்கட்டும். தடிமன் கூடினால் நெம்பு முழுவதும் அசையாது, புதுப் பம்பும் சோம்பேறி ஆகிவிடும்.

என்னைப் பந்தயம் கட்டச் சொன்னால், என் பணம் டேங்க் பக்கத்து ரப்பரின்மேல். அடுத்தது கார்பரேட்டர் ஊசி, மூன்றாவதாகத்தான் பம்பு. ரப்பர் என்றே தெரியவந்தால் ஒரு துண்டை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேளுங்கள், மேலேயே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய் உள்விட்டம் பார்த்து வாங்குங்கள். கூலி சேர்த்தாலும் நீங்கள் வாங்கிய காயிலின் விலை ஆகாது.

எல்லாம் மாட்டியபின் காயில் ஒயரைத் திரும்பப் போட மறக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், மறந்துவிட்டு மறுபடி எனக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஃபிளோட் அறை நிரம்பச் சற்று நேரம் பிடிக்கும், ஆகவே பத்துப் பத்து விநாடியாக இரண்டு மூன்று முறை ஆகும். சோக் முழுவதும் இழுத்திருக்கட்டும்.

இதே பிரச்சினையோடு எழுதிய மற்ற இருவருக்கும் சுருக்கமாக. செல்ஃபே சுற்றாமல் 'டக்' என்று மட்டும் கேட்கிறது என்றவர், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணைந்தே போனால் பேட்டரி அல்லது டெர்மினல். சாவியைத் திருப்பியபின் டெர்மினலைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் அங்கேதான் பிடிமானம் இல்லை, தேய்த்து இறுக்கினால் போதும். விளக்கு மங்கவே இல்லை என்றால் செல்ஃபுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான சோலினாய்டையும் அதற்குப் போகும் ஒயரையும் பாருங்கள். பிளக் நனைந்திருக்கிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றவருக்குக் கோளாறு கரண்ட் பக்கம். உங்கள் வண்டியும் மாதக்கணக்கில் நின்றது என்பதால் பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சேர்ந்து பிரியும் இரண்டு முனைகளான பாயிண்ட்டைப் பாருங்கள். முனைகளின் முகத்தில் சாம்பல் படலம் படிந்திருக்கும். மெல்லிய எமரி தாளால் இரண்டு இழுப்பு, பிறகு சுத்தமான காகிதத்தை நடுவில் விட்டு ஓர் இழுப்பு.

காரைக்குடிக்காரருக்குக் கடைசியாக ஒன்று. வண்டி பிடித்துவிட்டது என்று நேராக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஊருக்குள் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சின் ஆறியதும் ஒவ்வொரு ஹோஸ் கிளிப்பையும் இன்னும் கால் சுற்று இறுக்குங்கள். புது ரப்பர் முதல் சூட்டில் சற்று அமுங்கும்.